தண்ணீர் ஊற்றிய சோப்பு

தேவயானி சிஸ்டருக்குக் கால் இரண்டும் வீங்கிக் கிடந்தன. மனசு அதைவிடக் கனத்தது. பிரசவ வார்டில் வயிற்றைக் கிழித்துக் குழந்தை எடுத்த மூன்று பெண்களுக்கு அடுத்தடுத்துத் தையல் பிரிந்து சீழ் வைத்துவிட்டது. பச்சை நிறச் சீழ். அதன் வாடை தினமும் அவளோடு பஸ் ஏறி வீடு வரை வந்தது.

உத்திரமேரூர்ப் பக்கத்தில் டாக்டர் ஸ்ரீகாந்த் நடத்துகிற சின்ன ஆஸ்பத்திரி அது. வார்டுக்கு அவள்தான் பொறுப்பு. கை கழுவாமல் ஈ காக்கைகூட உள்ளே நுழைய முடியாது. வாசல் குழாயடியில் சோப்பு பாட்டிலை வைத்து, "விரல் இடுக்குல தேய், நகத்துல தேய்" என்று கூடவே நின்று பார்த்துத்தான் உள்ளே விடுவாள். டாக்டரையே ஒருமுறை திருப்பி அனுப்பியிருக்கிறாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. இருக்கக் கூடாதா என்ன?

மூவரில் மோசமாகக் கிடந்தவள் பெருநகர் கிராமத்துப் பரிமளா. தலைப்பிரசவம், பெண் குழந்தை. துணைக்கு இருந்த அம்மா செங்கேணி நடவு நட்டுப் பிழைக்கிறவள். போன வாரம் அவள் மகளின் கட்டு மேல் கோயில் விபூதியைத் தடவிக்கொண்டிருந்ததை தேவயானி பார்த்துவிட்டாள். அவ்வளவுதான், பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டாள்.

"இன்னா பண்ணிக்கினு கீற? சேத்துல வெச்ச கையி, அதுல சாம்பல் வேற! உன் பொண்ணு வயிறு ஏன் அழுவிக்கினு போவுதுன்னு இப்ப தெரியுது. இனிமே அவளையும் தொடாத, கொழந்தையையும் தொடாத!"

வார்டு முழுக்கக் கேட்டது. செங்கேணி எழுந்து வெளியே போனாள். அன்றிலிருந்து வராந்தாவிலேயே இருந்தாள். குழந்தை அழுதால் கதவு வரைக்கும் வருவாள், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பாள். பக்கத்துக் கட்டில்காரியின் அத்தைதான் பிள்ளையை எடுத்துத் தாயிடம் கொடுப்பாள்.

கட்டில், குழாய், எல்லார் கை, அந்த விபூதி என்று டாக்டர் ஒன்று விடாமல் பஞ்சால் துடைத்து எடுத்துக் காஞ்சிபுரத்துக்குப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார். முடிவு வந்ததும் தேவயானியை அறைக்குள் கூப்பிட்டார்.

"சிஸ்டர், மூணு பேர் புண்ணுல இருக்கிற அதே கிருமி நம்ம சோப்பு பாட்டில்ல இருக்கு."

"சோப்புலயா? அது கிருமியக் கொல்றது ஆச்சே சார்."

"தண்ணி ஊத்துவீங்களா?"

ஊற்றுவாள். ஏன் மாட்டாள்? வீட்டில் ஷாம்பூ அடிக்கு வந்தால் யார்தான் தண்ணீர் விட்டுக் குலுக்குவதில்லை? புது கேன் வர எப்போதும் தாமதம். மிச்சத்தின் மேல் தண்ணீர், அதன் மேல் புது சோப்பு. பாட்டிலை ஒருநாளும் காலி செய்து கழுவிக் காயவைத்ததில்லை. நீர்த்துப் போன சோப்பில் கிருமி குடித்தனம் நடத்தியிருக்கிறது. வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. அந்த வார்டில் அவளைவிட அதிகம் கை கழுவியவர் யார்? மூன்று பேருக்கும் கட்டு மாற்றியதும் அவள்தானே.

"அந்த விபூதி சார்?"

"அதுல ஒண்ணும் இல்ல. புண்ணுல போடக் கூடாதுதான், ஆனா இதுக்கு அது காரணம் இல்ல. மருந்த மாத்திட்டேன், பரிமளா தேறிடுவா. மத்தத நான் பேசிக்கறேன். நீங்க எதுவும் சொல்ல வேணாம்."

சொல்லாமல் இருந்துவிடலாம். அலுத்துப்போன உடம்புக்கு அதுதான் சுகம். பரிமளா தேறி வீட்டுக்குப் போவாள். செங்கேணி மட்டும் தன் கையைத் தானே பழித்துக்கொண்டு, பேத்தியைத் தூக்கும்போதெல்லாம் நடுங்குவாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். தேவயானி வராந்தாவுக்குப் போய் அவளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"செங்கேணிம்மா, இது உன் கையால வரல. விபூதியாலயும் இல்ல. கிருமி நான் தண்ணி ஊத்தி வெச்ச சோப்புல கீது. என் கையாலதான் உன் பொண்ணுக்குப் போச்சு. அன்னிக்கி உன்ன அப்பிடி பேசிட்டேன். தப்பு என்னுது."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். திட்டினால் தேவலை. செங்கேணி இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். தோல் உரிந்து, விரல் இடுக்கெல்லாம் செக்கச் சிவந்திருந்தது.

"நாளெல்லாம் அந்த சோப்பத்தான் போட்டுத் தேச்சிக்கினு இருந்தேன் சிஸ்டரம்மா. எத்தினி தேச்சாலும் சுத்தமாவலியேன்னு."

தேவயானிக்கு அழுகை பொங்கியது. மறைக்காமல் அழுதாள். செங்கேணி எழுந்து குழாயடிக்குப் போனாள்.

"இப்ப எதுல கழுவட்டும்?"

கடையிலிருந்து புதுசாக வாங்கி வந்திருந்த சோப்புக் கட்டியின் உறையைப் பிரித்து தேவயானி கொடுத்தாள். செங்கேணி கழுவினாள். கையை எதிலும் படாமல் உயர்த்திப் பிடித்தபடி உள்ளே போய்ப் பேத்தியைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். கட்டு மாற்றும் நேரம். தேவயானி தட்டோடு கட்டிலருகே வந்தாள்.

"நீ வாணாம் சிஸ்டரம்மா," என்றாள் செங்கேணி, திரும்பிப் பார்க்காமல். "வேற யார்னா வரட்டும்."

தேவயானி தட்டைக் கீழே வைத்தாள். கதவு வரைக்கும் போய், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.