இஸ்திரி போடும் செருப்பு

தைத்து முடித்த பள்ளிச் சீருடைகளை இஸ்திரி போட வேண்டியிருந்தது. தையல்காரி மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். கட்டிலுக்கு அடியிலும் பார்த்தாள். பழைய ரப்பர் செருப்பைக் காணவில்லை.

"ஏங்க, என் செருப்பைப் பாத்தீங்களா?"

அவள் கணவர் அறிவியல் ஆசிரியர். மறுநாள் வகுப்புக்காக ஒரு பேட்டரியையும் குட்டி பல்பையும் ஒயரால் இணைத்துக்கொண்டிருந்தார்.

"வார் அறுந்து கிடந்துச்சு, குப்பையில போட்டுட்டேன். வீட்டுக்குள்ள நடக்க மகாராணிக்குச் செருப்பு எதுக்கு? இங்க வந்து பாரேன். பேட்டரியில கிளம்புற கரண்ட் ஒரு ஒயர்ல போய், பல்பைத் தாண்டி, இன்னொரு ஒயர்ல திரும்பி வரணும். நடுவுல எங்க விட்டுப்போனாலும் எரியாது."

ஒயரை விலக்கினார், பல்பு அணைந்தது. சேர்த்தார், எரிந்தது.

"நல்லாத்தான் இருக்கு. நான் புதுச் செருப்பு வாங்கிட்டு வந்து காலையில தேய்க்கிறேன்."

"விடிஞ்சதும் துணி கேட்டு வந்துடுவாங்களே. தள்ளு, நான் தேய்க்கிறேன்."

"நீங்க தொடாதீங்க."

"ஏன், சட்டையைக் கருக்கிடுவேன்னு பயமா?"

இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சைப் போட்டு, வெறுங்காலோடு நின்றபடியே, சூடேறுகிறதா என்று தகட்டை விரலால் தொட்டார். கை வெடுக்கென்று பின்னால் போனது. அவள் ஓடிவந்து முதலில் சுவிட்சை அணைத்தாள். பிறகுதான் அவர் கையைப் பிடித்துத் தேய்த்துவிட்டாள்.

"உனக்கும் ஷாக் அடிக்குமா?"

"செருப்பு போட்டா அவ்வளவா தெரியாது."

"எப்பலேருந்து?"

அவள் தயங்கினாள். "நீங்க பிளக்கைச் சரி பண்ணிக் கொடுத்ததுலேருந்து."

சுவரில் இருந்தது இரண்டு ஓட்டை பிளக் பாயின்ட். பெட்டியின் மூன்று பின் பிளக் அதில் நுழையாததால், தடித்த மூன்றாவது பின்னை அவரே இரும்பறுக்கும் பிளேடால் அறுத்துவிட்டிருந்தார். பெட்டி சூடானது. அன்று முழுக்க அவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

"ஏன் சொல்லல?"

"அவ்வளவு ஆசையா செஞ்சீங்க. குத்தம் சொல்ற மாதிரி இருக்குமேன்னுதான்."

அவர் சுவரோரம் குனிந்து பிளக்கைக் காட்டினார்.

"நான் அறுத்த மூணாவது பின்தான் எர்த் பின். பெட்டியில கரண்ட் கசிஞ்சா அது வழியா மண்ணுக்குப் போயிடும். அந்த வழியை நான் அறுத்துட்டேன். அதனால உன் உடம்பு வழியா..." அவள் வெறுங்காலைப் பார்த்தார். "வருஷா வருஷம் பாடம் நடத்துறேன். வீட்டுல முட்டை வாங்கிட்டேன்."

"ஒரு மார்க் போடலாம். பல்பு எரிஞ்சுதே."

அவர் சிரித்தார், கண் மட்டும் நிறைந்துவிட்டது. பெட்டியின் ஒயரைச் சுவரிலிருந்து கழற்றி, யாரும் மறுபடி செருகிவிடாதபடி பிளக்கை வெட்டி எடுத்தார். பெட்டியைப் பழுது பார்த்து, எர்த் ஒயரோடு மூன்று ஓட்டை பாயின்ட் வைக்க நாளைக்கே வரச் சொல்லி எலக்ட்ரீஷியனுக்குப் போன் செய்தார். பக்கத்து வீட்டிலேயே, அவர்கள் பெட்டியில் துணி தேய்த்துக்கொள்ளக் கேட்டுவிட்டு வந்த பிறகு, அந்த மொட்டை பிளக்கைப் பல்போடு சேர்த்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"அது எதுக்கு?"

"நாளைப் பாடத்துக்கு. ஒரு சாமான் வேலை செய்யுதுன்னா அது பத்திரமா இருக்குன்னு அர்த்தம் இல்ல. பிள்ளைங்ககிட்ட இதைத்தான் முதல்ல சொல்லணும்."

"இன்னொண்ணும் சொல்லுங்க. ஷாக் அடிச்சா செருப்பைத் தேடக் கூடாது. உடனே வீட்டுல சொல்லிடணும். யார் மனசு நோகும்னும் பாக்கக் கூடாது."

"சொல்றேன். வீட்டுல இருக்கிறவனும், சொன்னா நொந்துக்காத ஆளா இருக்கணும். அதையும் சேர்த்துச் சொல்றேன்" என்றார் ஆசிரியர்.