கலேயில் மூன்றாவது கதிரை

1

இந்தக் கதை எனக்கு ஒரு பொரித்த மீனிலிருந்து கிடைத்தது. கற்பனை என்று சொல்லித் தப்பப் பார்த்தேன். ஏழு வருடமாக முடியவில்லை. இப்போது 1998. லண்டன் செவன் கிங்ஸில் எங்கள் குசினி மேசையில் இருந்து ஐந்தாவது தடவையாகத் தொடங்குகிறேன்.

முதல் தொடக்கம்: 'கடல் நீலமாக'

வேண்டாம். அன்று கலேக் கடல் சாம்பல் நிறம். இரண்டாவது சொல்லிலேயே பொய் வந்தால் கதை எங்கே உருப்படும்?

இன்னொரு தொடக்கம்: 'எட்டு வருடங்களுக்குப் பிறகு தவநாயகி தன் அண்ணனைக் கண்டாள்.' இது பரவாயில்லை. வைத்துக்கொள்வோம்.

2

1991 ஆகஸ்ட். அண்ணன் கோபாலகிருஷ்ணன் பாரிஸில் அகதி. ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். லண்டன் வர அவருக்கு விசா கிடைக்காது. தவநாயகிக்கு அந்த வருடந்தான் பிரித்தானியப் பாஸ்போர்ட் கைக்கு வந்திருந்தது. இரண்டு நாள் லீவு எடுத்து, டோவரில் கப்பலேறிப் பிரான்ஸ் கரையிலுள்ள கலேக்குப் போனாள். அவர் ரயிலில் வந்து சேர்ந்தார்.

கடற்கரையோரம் பிளாஸ்டிக் கதிரை போட்ட சின்னச் சாப்பாட்டுக்கடை. மேசையில் கடதாசி விரித்து, காற்றுக்குப் பறக்காமல் கிளிப் குத்தியிருந்தார்கள். அண்ணன் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். முழு மீனாகப் பொரித்து வந்தது. அவருக்கு மட்டும் வெறும் சிப்ஸ்.

மீன் தட்டு அவள் பக்கம் நகர்ந்தது. [தட்டு தானாக நகராது. இந்த வசனத்தைப் பிறகு திருத்தவேண்டும்.]

"என்ன அண்ணை, பிரெஞ்சுக்காரனாப் போனியளோ? மீன் தலைக்கு என்னோடை மல்லுக்கட்டின ஆள், சிப்ஸ் கொறிக்கிறியள்!"

"வயிறு சரியில்லை, பிள்ளை. நீ சாப்பிடு, ஆறப்போகுது."

தவநாயகி சிரித்தாள். அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் கண்டது [இங்கே 'நான்' எப்படி வந்தேன்? அழிக்க.]

3

[ஊர் வழக்கம் தெரியாதவர்களுக்கு ஒரு குறிப்பு.] எங்களில் சாவு விழுந்தால் துடக்கு, அதாவது தீட்டு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை பிள்ளைகள் மீன், இறைச்சி தொடமாட்டார்கள். கலியாணம் கட்டிப்போன பெண்ணுக்கு அவ்வளவு நாள் இல்லை என்று சட்டம் பேசுகிறவர்களும் உண்டு. அந்தச் சட்டத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ஒருவன் மூன்று நாள் தன் மனச்சாட்சியைச் சமாளித்தான். அவனைப் பற்றிப் பிறகு.

4

இரண்டாவது வாய் வைத்ததும் தவநாயகி மெல்லுவதை நிறுத்தினாள். அன்று ஞாயிற்றுக்கிழமை. வெள்ளியும் இல்லை, விரதமும் இல்லை. காய்ச்சல் அடித்தாலும் அண்ணனுக்கு மீன் இறங்கும். அவர் தலை நிமிராமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாயில் இருந்த துண்டைக் கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொண்டு கேட்டாள்.

"அண்ணை, துடக்கோ?"

அவர் கண் கலங்கிற்று.

"ஆர்?"

"ஐயா. இண்டைக்கு இருபதாம் நாள். கடிதம் கொழும்பு சுத்தி வியாழக்கிழமைதான் வந்தது. நீ சாப்பிட்டு முடிய, கடற்கரையிலை நடந்துகொண்டு ஆறுதலாச் சொல்லுவம் எண்டு..."

யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசி இல்லாத காலம். தகப்பன் செத்ததைக்கூட இருபது நாள் பிந்தித்தான் அறிந்தாள். அதற்குப் பிறகு அவள் கேட்டதை எழுதப் போனால் நான் எழுதியிருக்கும் மேசையில் இரண்டு பேர் போதாது.

5

உண்மையில் அந்த மேசையில் மூன்று பேர். நாலு தடவை எழுதினேன். நாலு தடவையும் மூன்றாவது ஆளை அழித்தேன். வியாழக்கிழமை பாரிஸிலிருந்து வந்த தொலைபேசியை எடுத்தவன் அவன். "அவளுக்கு இப்ப சொல்லாதேங்கோ மச்சான், நான் நேரிலை சொல்லுறன்" என்று அண்ணன் சொன்னதற்கு "ஓம்" என்றவன். மூன்று நாள் அவளோடு சிரித்துப் பேசிக் கப்பலேறியவன்.

வசனத்தைத் திருத்துகிறேன்: மீன் தட்டை நான்தான் அவள் பக்கம் நகர்த்தினேன். அவளுடைய கணவன் நான். "சூட்டோடை சாப்பிடும் தவம்" என்றும் சொன்னேன்.

அவளுக்கு ஒரு நல்ல நாளாவது இருக்கட்டும் என்றுதான் நினைத்தோம். அது உண்மை. தகப்பனுக்காக அவள் அழவேண்டிய மூன்று நாளை நான் பறித்துக்கொண்டதும் உண்மை. எந்தச் சட்டத்திலும் அதற்கு விலக்கு இல்லை.

அண்ணன் "ஐயா" என்றதும் அவள் அழவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

"நீங்கள் ஏன் ஆரெண்டு கேக்கேல்லை?"

6

முடிவு ஒன்று: வாயில் இருந்த மீனைக் கடதாசியில் துப்பினாள்.

முடிவு இரண்டு: அண்ணன் மனம் நோகக்கூடாது என்று விழுங்கினாள்.

எது நடந்தது என்று எனக்குத் தெரியாது. நான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். [அதன் நிறம் எனக்கு இவ்வளவு நன்றாக நினைவிருப்பது அதனால்தான்.]

ஏழு வருடமாக அப்டன் பார்க் சந்தையில் மீன் வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குப் பொரித்துத் தருகிறாள். தான் தொடுவதில்லை. கேட்டதை மறுபடி கேட்டதுமில்லை. நான் எழுதுவதையெல்லாம் முதலில் வாசிக்கிறவளும் அவள்தான்.

முடிவை வாசகரிடம் விடுவது எழுத்துக்காரர்களின் பழைய தந்திரம். எனக்கு இது தந்திரமில்லை, வேறு வழியில்லை. மற்ற வாசகர்கள் கொஞ்சம் பொறுக்கவேண்டும்.

தவம், கீழே நாலு வரி வெறுமையாக விட்டிருக்கிறேன். பேனை மேசையில் இருக்கிறது. துப்பினீரோ, விழுங்கினீரோ, நீரே எழுதும். நான் எதிர்க் கதிரையில் இருப்பேன். இந்த முறை உம்முடைய முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.