அக்கினி மூலைப் பெட்டி

வெப்பப் பம்பு பூட்ட வந்த மார்க்கஸ், நோர்வேயில் லோறென்ஸ்கூக்கில் இருந்த தேவிகாவின் வீட்டை இரண்டு தரம் சுற்றிப் பார்த்துவிட்டு வெளிப்பெட்டியை மாட்ட மேற்குச் சுவரைத்தான் காட்டினார். கீழே வெறும் சரளைக்கல், ஆள் நடமாட்டமில்லை. வெளிப்பெட்டி குளிர்காற்றிலிருந்து சூட்டை உறிஞ்சி உள்ளே அனுப்பும், அப்போது அதில் பனி பிடிக்கும், அந்தப் பனியை அதுவே உருக்கித் தண்ணீராய் ஊற்றும், அந்தத் தண்ணீர் கீழே போய் மறுபடி உறையும் என்று பொறுமையாக விளங்கப்படுத்தினார். தேவிகா கோப்பி ஊற்றிக் கொடுத்து, அந்தச் சுவரே சரி என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள். பதினாறு வருடமாக ஒரு பள்ளிக்கூடத்தைக் கூட்டித் துடைக்கிற வேலை.

பின்னேரம் வந்து பார்த்தால், பெட்டி தென்கிழக்கு மூலையில், குசினிப் பக்கத்துப் படிக்கு நேர் மேலே தொங்கியது.

"உதிலையே வைக்கச் சொன்னனாங்கள்?" என்று கேட்டாள்.

"மேற்குச் சுவரிலை பைப் சரிவராதாம்" என்றான் அவள் புருஷன் கிருபன், கைபேசியிலிருந்து தலையை எடுக்காமல்.

பொய்யை ஒரு கிழமைகூட அவனால் வைத்திருக்க முடியவில்லை. ஒரு பிறந்தநாள் விழாவில் அவனே பெருமையாக அவிழ்த்துவிட்டான். ரொறன்ரோவில் இருக்கிற, வாஸ்து பார்க்கிற சாஸ்திரியாரை வீடியோவில் கூப்பிட்டானாம். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம், இது வீட்டைச் சூடாக்கிற சாமானோ என்று. ஓம் என்றதும், சூடென்றால் அக்கினி மூலை, வேறு பேச்சில்லை என்று முடித்துவிட்டாராம். வெளியே அந்தப் பெட்டி கக்குவது குளிரைத்தான் என்று ரொறன்ரோவுக்கு யார் சொல்வது? வீட்டிலேயே ஆகக் குளிர்ந்த சாமானைக் கொண்டுபோய் நெருப்புக்குரிய மூலையில் மாட்டியாயிற்று. கேட்டுக்கொண்டிருந்த நாலு பேர் தலையாட்டினார்கள், ஒருவர் சாஸ்திரியாரின் நம்பரும் வாங்கினார்.

தேவிகாவுக்கு அப்போது சண்டை பிடிக்க நேரமில்லை. பஸ் லைசென்ஸ் எடுத்துக்கொண்டிருந்தாள். எழுத்துப் பரீட்சையை நோர்வேஜிய மொழியில் மூன்றாம் முறை எழுதிப் பாஸ் பண்ணியிருந்தாள். தை மாதப் பரீட்சையில் பஸ்ஸை ஓடிக் காட்டிவிட்டால் மாசியிலிருந்து வேலை தருவதாக ஒரு பஸ் கம்பனி எழுத்திலேயே கொடுத்திருந்தது. பிள்ளைகள் சூயிங்கம் ஒட்டிய மேசைக்குக் கீழே குனிந்து குனிந்து சுரண்டியது போதும், இனி நிமிர்ந்து இருந்து வேலை செய்யவேண்டும் என்று அவளுக்கு வெறியாக இருந்தது. வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

விடிய ஐந்து மணிக்கு அவள் குசினிக் கதவால்தான் போவாள். முன்கதவு சத்தம் போடும், கிருபனும் மகள் சோபிகாவும் எழும்பிவிடுவார்கள். அவர்கள் இருவரும் முன்வாசலைத் தவிர வேறு வாசலை அறியார்கள்.

மார்கழியில் குளிர் இறங்கியதும் பெட்டி தன் வேலையைக் காட்டியது. பகலில் சொட்டியது இரவில் உறைந்து, படியெல்லாம் கண்ணாடி மாதிரிக் கிடந்தது. தேவிகா மண்வெட்டியால் கொத்தினாள், மண் தூவினாள். அடுத்த நாள் பார்த்தால் அதே கண்ணாடி.

"மார்க்கஸைக் கூப்பிட்டு உதைக் கழட்டி அங்காலை வைக்கச் சொல்லுங்கோ."

"தை பிறக்கட்டும். சாஸ்திரியாரை ஒருக்காக் கேட்டிட்டு மாத்துவம். அதுவரைக்கும் நான் மண் போடுறன், நீர் யோசியாதையும்."

உள்ளே இருபத்துநாலு பாகை. கிருபன் சாரமும் பெனியனுமாய் ஊர் மாப்பிள்ளைபோல உலாவினான். வருகிற ஆட்களின் கையைப் பிடித்துக் காற்று வருகிற இடத்தில் நீட்டிக் காட்டினான். மண் மட்டும் போடவில்லை.

பரீட்சைக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, ஒரு செவ்வாய்க்கிழமை விடிய, தேவிகா இரண்டாம் படியில் வழுக்கி வலக்கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டில் இரண்டு எலும்பும் முறிந்து, தகடு வைத்து ஆணி அடித்தார்கள். கையைப் பழையபடி திருப்பலாம் என்று உறுதி சொல்லமுடியாது என்றார் டொக்டர். பஸ் கம்பனி மிக மரியாதையாக ஒரு கடிதம் எழுதி, அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டது.

ஆட்கள் மீன்குழம்பும் பழங்களுமாக வந்து பார்த்தார்கள். எல்லாம் கண்ணூறு என்றார்கள். கிருபன் சும்மா இருந்திருக்கலாம்.

"சாஸ்திரியாரோடை கதைச்சனான். அக்கினி மூலையாலை பொம்பிளையள் விடியமுன்னம் வெளிக்கிடக் கூடாதாம். வீட்டுக்கே இவ பஸ் ஓடுறது விருப்பமில்லைப் போலை."

இரண்டு பேர் சிரித்தார்கள். தேவிகாவுக்கு அந்த இடத்திலேயே அவன் கன்னத்தைப் பொத்தி ஒன்று கொடுக்கவேண்டும் போலிருந்தது. அடிக்கிற கை கட்டுப்போட்டு மடியில் கிடந்தது. வந்தவர்களுக்குத் தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டாள்.

பங்குனியில், யாரையும் கேட்காமல், அவளே மார்க்கஸைக் கூப்பிட்டாள். அவர் வந்து படியைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், பிறகு அவள் கையைப் பார்த்தார். முகம் சிவந்து போயிற்று. தன்மேல்தான் குற்றம் சொல்லப்போகிறாள் என்று நினைத்தாரோ என்னவோ, கேட்காமலே தன் கைக்கணினியைத் திறந்தார்.

"நான் அன்றைக்கே சொன்னேன். எழுதியும் வைத்தேன். உங்கள் கணவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்."

கிருபன் கதிரையிலிருந்து எழும்பி வந்தான். "அது சும்மா ஒரு ஃபோர்ம், உமக்குத் தேவையில்லை" என்றான் தமிழில்.

தேவிகா வாங்கிப் படித்தாள். பரீட்சைக்காக இரவிரவாய்ப் படித்த நோர்வேஜிய மொழி இதற்காவது உதவியது. மேலே கம்பனியின் வழக்கமான வரிகள். அதற்குக் கீழே மார்க்கஸ் தட்டி எழுதிய குறிப்பு. அதை அவள் கிருபனுக்குக் கேட்கத்தக்கதாக, ஆறுதலாக, தமிழில் சொன்னாள்.

"இந்த இடத்திலை பெட்டியை வைச்சால் குளிர்காலத்திலை படியிலை ஐஸ் கட்டும், ஆள் விழலாம் எண்டு வாடிக்கையாளருக்குச் சொல்லப்பட்டது. பரவாயில்லை, அந்தப் படியைத் தன்ரை மனைவி மட்டுந்தான் பாவிக்கிறவ எண்டு வாடிக்கையாளர் சொன்னார்."

குசினிக்குள் சூடான காற்று இதமாக வந்துகொண்டிருந்தது. மார்க்கஸ் ஒன்றும் விளங்காமல் சப்பாத்தைப் பார்த்தார். தேவிகா காத்திருந்தாள். ஏதாவது ஒரு மறுப்பு, இன்னொரு பொய் வந்திருந்தால்கூட அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்திருக்கும்.

கிருபன் தலையைச் சொறிந்தான்.

"அது உண்மைதானே. நீர் மட்டுந்தானே உந்தப் படியாலை போறனீர்."

கலியாணம் கட்டிப் பதினெட்டு வருடம். தான் போவதையும் வருவதையும் இந்த மனுசன் ஒருநாளும் கவனித்ததில்லை என்றுதான் தேவிகா நினைத்துக்கொண்டிருந்தாள். நன்றாகக் கவனித்திருக்கிறான்.