தாகசாந்திக் கேரவன்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சுடும், பிறகு வாய் திறக்கும். அன்றைக்கு அண்ணையின் மனைவி, என் மச்சாள், ஃபோனில் சொன்னதைக் கேட்டதும் இரண்டும் ஒன்றாகவே நடந்தன.

"அஜந்தா, உன்ர கொண்ணை ஆரோ ஒரு எலக்ரிசியனைக் கூப்பிட்டுக் கேரவனைக் காட்டினவர். அந்தாள் வயர் அலுமாரியைத் திறந்து பாத்திட்டு, இதைக் குப்பையில போடுங்கோ எண்டு சொல்லிப்போட்டுப் போட்டான். இவர் காலமை துவக்கம் சாப்பிடேல்லை."

"ஆரோ ஒருத்தனைக் கூப்பிட்டவரோ? நான் என்ன செத்தே போனன்?"

"கத்தாதை. நான் சொன்னனெண்டு சொல்லிப்போடாதை, உனக்குப் புண்ணியமாப் போகும்."

நான் எலக்ரிசியன். சூப்பர் மார்க்கெட்டில் காசு மெஷினுக்கு முன்னால் வருடக்கணக்காக இருந்து இடுப்பு ஒடிந்த பிறகு, பின்னேரக் கல்லூரிக்குப் போய்ப் படித்துப் பாஸாகினேன். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். இப்போது கவுன்சில் வீடுகளில் வயர் வேலை செய்கிறேன். இது லண்டனில் நாங்கள் இருக்கிற குரொய்டன் முழுக்கத் தெரிந்த விஷயம், எங்கள் குடும்பத்துக்கு மட்டும் தெரியாது. மச்சாள் சிவனேஸ்வரி கோயிலில் ஆரும் கேட்டால், "அவ கவுன்சிலில வேலை" என்பா. ஏதோ நான் அங்கே நாற்காலியில் இருந்து கடிதம் அடிக்கிற மாதிரி. அண்ணை குகதாசன் அதுவும் சொல்லமாட்டார். "அவ வேலைக்குப் போறா" என்பதோடு முடித்துவிடுவார். முற்றத்து மல்லிகைக்கு மணமில்லை என்பார்கள். எங்கள் வீட்டில் அதை மிதித்துக்கொண்டே நடப்பார்கள்.

கேரவன் விஷயம் இதுதான். மச்சாளுக்குக் கான்சர் வந்து, சிகிச்சை முடிந்து அவ எழும்பி நடந்த வருடம் அண்ணை ஒரு நேர்த்தி வைத்தார். கோயில் தேருக்கு ஒவ்வொரு வருடமும் தாகசாந்தி செய்வதென்று. அதற்காக ஒரு பழைய கேரவனை வாங்கி, பக்கத்துச் சுவரை வெட்டி யன்னல் வைத்து, உள்ளே ஃப்ரிட்ஜும் பெரிய பொயிலரும் பூட்டினார். தேரன்று அதை இழுத்துப்போய்க் கோயில் தெருவில் விட்டு, வருகிற சனத்துக்கெல்லாம் மோரும் சர்பத்தும் தேத்தண்ணியும் கொடுப்பார். ஒரு வருடமும் தவறவிட்டதில்லை. மச்சாளின் உயிர் அந்த மோரில்தான் மிதக்கிறது என்று அவர் உண்மையாகவே நம்புகிறார். நான் அதைப் பகிடி பண்ணியதில்லை.

இந்த வருடம் கோயிலார் ஒரு சட்டம் போட்டுவிட்டார்கள். கரண்ட் எடுக்கிற கடை, பந்தல் எல்லாவற்றையும் தேரன்று காலையில் ஒருவர் வந்து சோதிப்பார். அவர் சரி சொன்னால்தான் ஜெனரேட்டரில் வயரைக் கொழுவலாம். கரண்ட் இல்லாவிட்டால் ஃப்ரிட்ஜ் இல்லை, ஃப்ரிட்ஜ் இல்லாமல் கோடை வெயிலில் மோர் கொடுக்கவும் விடமாட்டார்கள். அதாவது அண்ணையின் நேர்த்தி தவறும். தேர் ஞாயிற்றுக்கிழமை. மச்சாள் ஃபோன் எடுத்தது வியாழன்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு, தோர்ண்டன் ஹீத்தில் இருக்கும் அண்ணையின் வீட்டுக்குக் குறடு, மீற்றர் எல்லாம் வைத்த ஆயுதப் பையோடு போனேன். அண்ணை கேரவன் வாசலில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார்.

"நீ ஏன் வந்தனி?"

"கேரவன் பாக்க."

"பாத்திட்டுப் போ."

"பாத்தா எல்லாத்தையும் கழட்டுவன்."

"எடி பிள்ளை, கரண்ட் எண்டா விளையாட்டில்லை."

"இந்த விளையாட்டுக்குத்தான் அண்ணை எனக்கு மாசம் மாசம் சம்பளம் தாறாங்கள்!"

"இத்தனை வருஷமா ஒரு நெருப்புப் பொறி பறந்திருக்குமே? எல்லாம் நான் கையால முறுக்கினது."

"அதுதான் எனக்குப் பயம்" என்றேன். அவர் முகம் சுருங்கிப்போனது. சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் ஆபத்தென்றால் தானாக விழுந்து கரண்டை நிறுத்துகிற ட்ரிப் சுவிட்ச் என் வாய்க்குத்தான் கிடையாதே. அண்ணை கேரவன் கதவின் திறப்பைக் கதிரையில் வைத்துவிட்டு எழும்பி உள்ளே போய்விட்டார்.

அலுமாரிக் கதவைத் திறந்தேன். ஐயோ, என்ர கடவுளே! இடியப்பத்தை உரலோடு கவிழ்த்துவிட்ட மாதிரி ஒரு கும்பல் வெளியே விழுந்தது. ஸ்பீக்கர் வயர், மேசை லாம்பு வயர், பழைய ஹூவர் வயர், கார் வயர். சிவப்பாகத் தொடங்கிய வயர் பாதியில் வெள்ளையாகி, பிறகு கறுப்பாகி முடிந்தது. பற்றரியிலிருந்து வருகிற சின்னக் கரண்டும் வெளியிலிருந்து வருகிற பெரிய கரண்டும் ஒரே கட்டில் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தன. ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுகிறது என்று பொயிலருக்குப் போகிற வயரை அதில் தொடாமல் சுற்றி வளைத்து எடுத்திருந்தார். விழுகிறது என்றால் காப்பாற்றுகிறது என்று அர்த்தம். அதை ஆர் அவருக்குச் சொல்வது? எல்லாவற்றையும் விட மோசம், நிலத்துக்குப் போகவேண்டிய பச்சை மஞ்சள் வயரில் பெரிய கரண்டைக் கொடுத்திருந்தார். அதற்கு நேர் கீழேதான் மச்சாள் ஈரக் கையோடு நின்று மோர் கலக்குவா.

ஒவ்வொரு மூட்டும் ஒரே மாதிரி இருந்தது. வயரை முறுக்கி, ஷொப்பிங் பையை உருக்கி மேலே ஒட்டியிருந்தார். லண்டனில் மூலைக் கடையில்கூட டேப் இருக்கிறது. ஆனால் அண்ணையின் கை இன்னும் யாழ்ப்பாணத்தில் யுத்தத்தால் கரண்ட் இல்லாமல் போன வருடங்களில் நிற்கிறது. அப்போது டேப்புக்கு எங்கே போவது, வயருக்கு எங்கே போவது? கிடைத்த துண்டையெல்லாம் முறுக்கி, பையை மெழுகுதிரியில் உருக்கி மூடி, சைக்கிளைக் கவிட்டு வைத்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ஒரு சின்ன பல்ப் எரிய வைப்பார். அந்த வெளிச்சத்தில்தான் நான் சோதனைக்குப் படித்தேன். கை உளைந்தாலும் நிறுத்தமாட்டார். அதற்கு ஊர் வைத்த பேர்தான் 'லைற் குகன்'. லண்டனிலும் கோயில் ஆட்கள் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். ஆனால் டைனமோ கரண்ட் ஆளைக் கொல்லாது. இது கொல்லும்.

மத்தியானம் பொயிலருக்குப் பின்பக்கப் பலகையைக் கழற்றினேன். அங்கே ஒரு மூட்டு கருகிக் கிடந்தது. ஷொப்பிங் பை உருகி வழிந்து, பின்னால் இருந்த பலகையில் உள்ளங்கை அளவுக்குக் கறுப்பு. அதை ஒட்டித்தான் கடதாசிக் கப்புகளை அடுக்கி வைப்பார்கள். போன வருடம் தேர் இன்னும் அரை மணித்தியாலம் பிந்தியிருந்தால் கப்பும் கேரவனும் சேர்ந்து எரிந்திருக்கும்.

அந்தத் துண்டை வெட்டிக் கையில் எடுத்தேன். "இந்தாங்கோ, உங்கட நெருப்புப் பொறி!" என்று மச்சாளுக்கு முன்னாலேயே அவர் மூஞ்சிக்கு நேரே நீட்டவேண்டும் என்று படியில் இறங்கினேன். அண்ணை திரும்பவும் கதிரைக்கு வந்திருந்தார். நான் வெட்டி வெளியே எறிந்த வயர்த் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, நிமிர்த்தி, விரலில் சுற்றி, நீளத்துக்குத் தக்கபடி அடுக்கிக்கொண்டிருந்தார். கிழவியின் தலைமயிரைக் கோதுவது போல அவ்வளவு மெதுவாக.

"உதுகள் ஏன் அண்ணை?"

"வீணாப் போகக்கூடாது" என்றார், நிமிராமல்.

அந்த விரல்கள்தான் பெடலைச் சுற்றின. கருகிய துண்டை ஆயுதப் பையின் அடியில் போட்டுவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு உள்ளே போனேன்.

சனிக்கிழமை முழுக்கப் புது வயர் இழுத்தேன். பெரிய கரண்ட் இடப்பக்கம், பற்றரிக் கரண்ட் வலப்பக்கம், ஒன்றை ஒன்று தொடாது. ஃப்ரிட்ஜுக்கு ஒரு சுவிட்ச், பொயிலருக்கு ஒன்று, லைற்றுக்கு ஒன்று, எல்லாம் ட்ரிப் சுவிட்சுக்குக் கீழே. வளைவில் எல்லா வயரும் ஒன்றாக வளைந்து ஒன்றாக நிமிரவேண்டும். கரண்டுக்கு அது தேவையில்லை, எனக்குத் தேவை. ஒவ்வொன்றின் நுனியிலும் எது எங்கே போகிறது என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டினேன். மச்சாள் தேத்தண்ணியோடு எட்டிப் பார்த்துவிட்டு வாயில் கை வைத்தா.

"எடியேய், எண்ணெய் வைச்சு வாரிப் பின்னின தலை மாதிரியெல்லோ கிடக்கு!"

"பின்ன? கவுன்சிலில வேலையெல்லோ?" என்றேன். அவவுக்குச் சுட்டது. சிரித்துச் சமாளித்துக்கொண்டு போய்விட்டா. தற்பெருமை என்று ஆரும் சொன்னால் சொல்லட்டும், அந்த அலுமாரியைப் பார்த்தபோது எனக்கே என்னில் ஆசை வந்தது. என் வாழ்க்கையில் நான் செய்த வேலைகளில் இதுதான் வடிவானது. அண்ணை மட்டும் ஒருக்காலும் உள்ளே வந்து பார்க்கவில்லை.

ஞாயிறு காலை கோயில் தெருவில் நாதஸ்வரம் தொடங்கிவிட்டது. அண்ணை வேட்டி சால்வையோடு, குளித்த ஈரம் காயாமல் கேரவன் பக்கத்தில் நின்றார். முகம் வெளிறிப்போயிருந்தது. உதடு முருகா முருகா என்று அசைந்துகொண்டிருந்தது. சோதிக்க வந்தவர் கொட்வின் என்று ஒரு மன்னார்ப் பெடியன். சிரிக்கிற முகம் இல்லை. முன்னுக்கு இருந்த, வறுத்த கடலை விற்கிற கச்சான் கடைக்காரரிடம் "இது ஏலாது, கழட்டுங்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் எங்களிடம் வந்தார். மச்சாள் என் கையைப் பிடித்துக்கொண்டா.

கொட்வின் அலுமாரியைத் திறந்தார். வயர் நுனிகளில் ஒட்டியிருந்ததை விரலால் தொட்டு வாசித்தார். பிறகு மீற்றரை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். ட்ரிப் சுவிட்சை அமத்தினார், டக்கென்று விழுந்தது. நிமிர்த்தித் திரும்ப அமத்தினார், திரும்ப விழுந்தது.

"பாஸ்" என்றார். "கொழுவுங்கோ. இண்டைக்குக் காலமை நான் பாத்ததில இதுதான் வேலை. ஆர் செய்தது?"

நான் வாயைத் திறக்க முதலே கோயில் செயலாளர் முந்திக்கொண்டார். "வேற ஆர்? எங்கட லைற் குகன் அண்ணைதான்! அவர் கை வைச்சாப் பிழைக்குமே?" சுற்றி நின்றவர்கள் எல்லாரும் ஓம் ஓம் என்றார்கள். ஒருத்தர் அண்ணையின் முதுகில் தட்டினார்.

என் காது சுட்டது. சொல்லடி, சொல்லடி என்று நாக்கு துடித்தது. ஆனால் அண்ணை அங்கே விரதத்தோடு, அத்தனை சனத்துக்கு நடுவில் நிற்கிறார். அவருடைய நேர்த்தி, அவருடைய நாள். இருக்கட்டும், எடுத்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். நினைத்தேனே தவிர நெஞ்சு ஆறவில்லை. என் வேலை அது. எரிச்சலில் கண்ணீர் முட்டியது.

அண்ணை வேட்டி மடிப்பை அவிழ்த்தார். உள்ளே இருந்து எதையோ எடுத்து உள்ளங்கையில் வைத்துக் கொட்வினுக்கு நீட்டினார். கருகிய மூட்டு.

"தம்பி, இதுதான் என்ர வேலை" என்றார். "பதாகை கட்டக் குறடு தேடினனான். இது அஜந்தாவின்ர பைக்குள்ள கிடந்தது. என்ர கையால முறுக்கினது, எனக்குத் தெரியாதே? உதைப் பொயிலருக்குப் பின்னால வைச்சுக்கொண்டு, மனுசியையும் பக்கத்தில விட்டுக்கொண்டு, நான் நேர்த்தி செய்தனான்." சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு செயலாளரின் பக்கம் திரும்பினார். "அலுமாரிக்குள்ள இருக்கிறது என்ர தங்கச்சியின்ர வேலை. அவ எலக்ரிசியன். என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லாமல் இதை ஒளிச்சு வைச்சவ."

தெருவில் அத்தனை சத்தத்துக்கு நடுவிலும் அந்த ஒரு சொல் எனக்குத் தனியாகக் கேட்டது. எலக்ரிசியன். அண்ணையின் வாயால்.

"என்ர பையை ஆர் உங்களைக் கிளறச் சொன்னது?" என்று கத்தினேன். கத்தும்போதே அழுதுவிட்டேன்.

"சரி, சரி, ஒப்பாரி வையாதை. வந்து கொழுவு" என்றார். கொழுவுகிற உரிமை ஒவ்வொரு வருடமும் அவருடையது. வயரைத் தூக்கி என் கையில் தந்தார். கொழுவினேன். ஃப்ரிட்ஜ் உறுமியது, பொயிலரில் சிவப்பு லைற் எரிந்தது. மச்சாள் கற்பூரம் காட்டி, முதல் கப் மோரை எனக்குத்தான் தந்தா.

தேர் எங்கள் பக்கம் வர மத்தியானம் ஆகிவிட்டது. சனம் யன்னலில் முட்டி மோதியது. அலுமாரிக் கதவு நடுவில் நீட்டிக்கொண்டு நின்றதால் உள்ளே நின்று மோர் கொடுத்த எல்லாருடைய தோளிலும் இடித்தது. "அண்ணை, அந்தக் கதவைச் சாத்துங்கோ, பேய் வேலை பாக்காமல்!" என்று நான் பொயிலரடியில் நின்று கத்தினேன். அவர் ஒரு கையில் மோர்க் கப்போடு, மறு கையால் கதவை இன்னும் அகலத் திறந்து பிடித்துக்கொண்டு, யன்னலடியில் நின்ற ஆரோ ஒரு அம்மாவுக்கு வயரைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"சாத்தமாட்டன்" என்றார். "திறந்து கிடக்கட்டும். சனம் பாக்கட்டும்."