குதிச்ச சலீம்

தென்காசியில் வந்து முகம்மது சலீம் வீடு எது என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. "குதிச்ச சலீம்" வீடு என்று கேளுங்கள், ஆட்டோக்காரர் வாசலிலேயே கொண்டுவந்து இறக்கிவிடுவார். முப்பத்தெட்டு வருடங்களுக்கு முன்னால் குற்றாலம் மலையில் எடுத்த ஒரு சண்டைப் படத்தில், ஹீரோவுக்கு டூப்பாக உச்சிப் பாறையிலிருந்து அருவித் தடாகத்தில் குதித்தவர் என் வீட்டுக்காரர். கல்யாண வீடானாலும் சரி, மவுத் வீடானாலும் சரி, "அண்ணாச்சி, அன்னைக்கு எப்படிக் குதிச்சீங்க?" என்று யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். அவரும் சொல்லுவார். நான் பக்கத்தில் பெருமையாக உட்கார்ந்திருப்பேன்.

அதே நாளில்தான் என் அண்ணன் மசூது செத்தான். காக்கா என்றுதான் கூப்பிடுவேன். கூட்டாளி சலீம் குதிப்பதை வேடிக்கை பார்க்கப் போனவன், சாயங்காலம் குடித்துவிட்டு வழுக்கி விழுந்தான் என்று சலீம்தான் வந்து சொன்னார். வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்திய மையித்தில் சாராய வாடை அடித்தது. எங்கள் வாப்பா கிதிர் முகம்மது ஐந்து வேளையும் தொழுகிறவர். "இந்தக் குடிகாரப் பயலுக்கு நான் வாப்பா இல்ல" என்று சொல்லிவிட்டார். இறந்தவருக்கு ஓதுகிற கத்தம்கூட ஓதவில்லை, அவன் பேரைச் சொல்லவும் விடவில்லை. நானும் சொல்லவில்லை. குடிகாரன் தங்கச்சி என்று மாப்பிள்ளை அமையாமல் நின்ற என்னை, இரண்டு வருடம் கழித்து சலீம் கட்டினார். எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வெளியே சாரல் அடித்துக்கொண்டிருந்தது. தோஹாவிலிருந்து லீவில் வந்திருந்த மாப்பிள்ளை பாரூக், அந்தப் படத்தின் ப்ளூ-ரே டிஸ்க்கைப் போட்டார். நெகட்டிவைத் தேடியெடுத்து, அழுக்கெல்லாம் துடைத்து, புதுப்படம் மாதிரி ஆக்கியிருக்கிறார்களாம். அதற்கென்று ஒரு பிளேயரும் வாங்கிவந்திருந்தார்.

"மாமா, ஒங்க மூஞ்சி தெளிவாத் தெரியணும்னுதான் தேடிப் புடிச்சேன்."

"வேண்டாம் மாப்ள, பழைய படம். கண்ணு வலிக்கும்" என்றார் இவர்.

"ஆமா, ரொம்பத்தான் வெக்கப்படுதாரு!" என்று நான் சிரித்தேன். என் மகள் ஜாஹிராவும் சிரித்தாள்.

கேபிளில் பத்துத் தடவை பார்த்த படம்தான். அப்போதெல்லாம் குதிக்கிற ஆள் எறும்பு அளவுக்குத்தான் தெரிவான். இன்றைக்கு அறுபத்தைந்து இஞ்ச் டிவியில் பாறையின் பாசி தெரிந்தது. சட்டைப் பொத்தான் தெரிந்தது. ஹீரோ மாதிரி விக் வைத்த ஒருவன் பாறை விளிம்புக்கு வந்து, கையை விரித்தான். சட்டைக் கை மேலே ஏறியது. இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் ஒரு தழும்பு.

"நிறுத்துங்க மாப்ள."

அந்தத் தழும்பு நான் போட்டது. ஏழு வயசில் கொதிக்கிற கஞ்சியை மசூது காக்கா கையில் கொட்டிவிட்டேன். உம்மா அடிக்க வந்தபோது, தானே கொட்டிக்கொண்டதாகச் சொல்லி என்னைக் காப்பாற்றினான்.

"கொஞ்சம் கொஞ்சமா ஓட்டுங்க."

குதிப்பதற்கு முன்னால் அவன் ஒரு நொடி திரும்பிப் பார்த்தான். பாரூக் அங்கேயே நிறுத்திவிட்டார். இருபத்திரண்டு வயசு முகம். அரும்பு மீசை. எனக்கு ஐம்பத்தைந்து ஆகிறது, என் மகள் வயசுகூட இல்லாத காக்கா என் வீட்டு ஹாலில் ஈரச்சட்டையோடு நிற்கிறான். சோபாவில் இந்தப் பக்கம் நகர்ந்தேன், அந்தப் பக்கம் நகர்ந்தேன். எங்கே உட்கார்ந்தாலும் என்னையே பார்த்தான். அல்லாவே, இத்தனை வருடம் இந்தப் படத்துக்குள்ளேயா இருந்தாய்?

"யாரு மாமி அது?" என்றார் பாரூக். ரிமோட்டை வாங்கி நானே அமுக்கினேன். காக்கா குதித்தான். தண்ணீரைத் தொடுவதற்கு முன்னால் காட்சி மாறிவிட்டது. அடுத்து ஹீரோ தடாகத்திலிருந்து எழுந்து தலையை உதறிச் சிரித்தார். மறுபடி ஓட்டினேன். மறுபடி குதித்தான். மறுபடியும் ஹீரோதான் வெளியே வந்தார்.

"குதிச்சது எங்க காக்கா" என்று என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னேன். "வெளிய வந்தது நீங்க."

"விளிம்புல போயி நின்னேன் நஸீபா. கால் வரல. மசூதுதான், 'தள்ளுலே, நான் குதிக்கேன்'னு என் சட்டைய வாங்கிப் போட்டான். அவன் திரும்பிப் பாக்கானே, அது என்னையத்தான்."

"சாராயம்?"

"படக் கம்பெனி மேனேஜர்தான் மையித்து மேல ஊத்துனான். கம்பெனிக் கணக்குல ஒன் பேருதான் எழுதியிருக்கு, நீ குதிச்சே, அவன் குடிச்சு விழுந்தான்னு சொல்லு, இல்லேன்னா ஒன்னையும் சேத்துப் போலீஸ்ல புடிச்சுக் குடுப்பேன்னான். எனக்கு இருபத்திமூணு வயசு. பயந்துட்டேன்."

பயம் எனக்குப் புரிகிறது. இருபத்திமூன்று வயசில் பயப்படாதவன் யார்? ஆனால் எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. வாப்பா சக்ராத்தில், கடைசி மூச்சு இழுத்துக்கொண்டு கிடந்தபோது எங்களையெல்லாம் வெளியே போகச் சொல்லிவிட்டு, இவரை மட்டும் கூப்பிட்டுப் பேசினார். என்ன கேட்டார் என்றதற்கு, ஒன்னைய நல்லாப் பாத்துக்கிடச் சொன்னார் என்றார் இவர்.

"வாப்பா அன்னைக்கு என்ன கேட்டாங்க?"

"எம்புள்ள நெசமாவே குடிச்சிருந்தானாப்பா, நீ கண்ணால பாத்தியான்னு கேட்டாங்க" என்றார்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பாத்தேன்னு சொன்னேன்."

அப்போது இவருக்கு நாற்பது வயசு. எந்த மேனேஜரும் பக்கத்தில் இல்லை. பாவி! ரிமோட்டைத் தூக்கி அவர் மேலேயே எறிந்தேன். ஜாஹிரா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அவன் மவுத்த பள்ளிவாசல் மைக்குல சொல்லக்கூடாதுன்னு வாப்பா தடுத்தாங்கல்லா? இப்பம் போயி நீங்க சொல்லுங்க. ஒங்க வாயாலயே சொல்லுங்க."

"இந்த வயசுலயா? ஊர் காறித் துப்பும் ஏட்டி. நான் மவுத்தான பெறவு நீயே சொல்லிரு."

"ஊரு துப்புனா தொடச்சுக்கிடுங்க. சொல்லாம இந்த வாசப்படி ஏறப்படாது."

அசர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு சாரலில் இறங்கிப் போனார். போவாரா, எங்காவது பஸ் ஏறிவிடுவாரா என்று எனக்கே தெரியவில்லை. தொழுகை முடிகிற நேரத்தில் மைக் கரகரத்தது. அவர் குரல்தான்.

"கிதிர் முகம்மது மகன் மசூது வஃபாத்தாகிவிட்டார்." இருமினார். "அவன் குடிச்சு விழல. எனக்குப் பதிலா குதிச்சு விழுந்தான். குடிச்சான்னு பொய் சொன்னது முகம்மது சலீம். நான்தான். வெள்ளிக்கிழமை அவனுக்குக் கத்தம். எல்லாரும் அவனுக்காவ துவா செய்யுங்க."

மைக்கை அணைக்க மறந்துவிட்டார்கள். யாரோ அழுகிற சத்தம் தெரு முழுக்கக் கேட்டது.

கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டு உலகம்மாள் நனைந்துகொண்டே ஓடிவந்தாள். இருபது வருடமாகப் பக்கத்து வீடு. எனக்கு ஒரு அண்ணன் இருந்ததே அவளுக்குத் தெரியாது.

"மிக்ஸி ஓடுனதுல பேரு மட்டுந்தான் கேட்டுச்சு. மசூதுங்கது யாருக்கா? ஒங்க வீட்டு ஆளா?"

"எங்க காக்கா. கூடப் பொறந்தவன்."

"ஐயோ! எப்பம் எடுக்காங்க?"

எடுத்து முப்பத்தெட்டு வருசமாச்சு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, அன்றைக்கு அழாத அழுகையை அழுதேன்.