ஏற்றத்தில் ஒரு மாட்டு லாரி

மார்ச் மாதம் லினெட் பைக் ஓட்டுநர் சங்கம் ஒன்றின் உயர்நிலைத் தேர்வில் ஓட்டித் தேறியிருந்தாள். அங்கே பாஸ், பெயில் இரண்டே இரண்டுதான். ஒருமுறை தேறினால் சாகும்வரை செல்லும். சான்றிதழை எடுத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிகளுக்கு பைக்கில் ரத்தம் கொண்டுபோகும் தன்னார்வக் குழுவிடம் போய் நின்றாள். அவர்கள் கமிட்டி கூடிச் சண்டை போட்டு ஒரு புது விதி போட்டிருந்தார்கள். இனி இன்னொரு சங்கத்தின் தேர்வுதான் செல்லுமாம். அதில் தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று மூன்று தரம். வெள்ளிக்குக் கீழே வந்தால் ரத்தப் பெட்டியைத் தொட முடியாது. இந்த வருஷத்துக்கு ஆள் எடுப்பது திங்கட்கிழமையோடு முடிகிறது.

இன்று சனி. இங்கிலாந்தின் டெர்பிஷயர் மலையடிவாரத்தில் பைக்காரர்கள் கூடும் டீக்கடை வாசலில் நின்றிருந்தாள். பதினெட்டு வருஷமாகக் கல் குவாரி லாரி ஓட்டுகிறவள். ஓட்டிக்கொண்டே ஒரு கையால் தின்று பழகியவள். இன்று பேக்கன் ரொட்டி சாஸோடு நழுவிக் கால்சட்டையில் விழுந்தது.

"தின்னக்கூட முடியலியா?" என்றார் டட்லி. பழைய சங்கத்தில் அவளுக்குப் பயிற்சி கொடுத்தவர். "முந்துறப்ப மீட்டரப் பாக்காத. சட்டுனு வெளிய போய் சட்டுனு உள்ள வா. நம்ம பரீட்சைல அதுக்குத்தான பரீட்சை வெச்ச ஆளு உன்னைய மெச்சுனான்."

"அதான் தாண்டியாச்சே டட்லி. இன்னிக்கு அந்தம்மா பரீட்சை."

அந்தம்மா மொய்ரா, புதுச் சங்கத்தின் தேர்வாளர்; இருபத்தாறு வருஷம் போக்குவரத்துப் போலீஸில் பைக் ஓட்டியவர். லினெட்டின் ஹெல்மெட்டில் ரேடியோவைப் பொருத்திக்கொண்டே சொன்னார்: "கேட்டுக்க கண்ணு. பலகையில அறுபதுன்னா அறுபது. முந்துறேன்னு அறுபத்தஞ்சு போனா அங்கயே முடிஞ்சுது. அதுக்காக எல்லார் வாலயும் புடிச்சுக்கிட்டே வந்தா வெண்கலம். அதை வெச்சு நீ என்ன பண்ணுவ?"

"சுவத்துல மாட்டலாம்."

மொய்ரா சிரிக்கவில்லை. தன் பைக்கில் ஏறிப் பின்னால் வந்தார்.

ஊருக்குள் முப்பது மைல் வேகத்தைத் தாண்டாமல் போனாள். ஊர் முடிந்ததும் கல் சுவர்களுக்கு நடுவே சாலை நெளிந்து ஏறியது. இடது வளைவு வந்தால் நடுக்கோட்டோரம் நகர்ந்து எட்டிப் பார்த்தாள். வலது வளைவுக்கு இடது ஓரம் வந்தாள். இன்ஜின் தொடைக்கு அடியில் உறுமியது. பயம் போன இடம் தெரியவில்லை. ஒவ்வொரு வளைவும் வா வா என்றது. "வாடி என் தங்கம், இன்னொண்ணு காட்டு" என்று வாய்விட்டே சொன்னாள். சுவரேறி நின்ற ஆட்டைப் பார்த்து, கேட்கக் கூடாத ஒன்றையும் சொன்னாள்.

காதுக்குள் மொய்ராவின் குரல் வந்தது. "நீ பேசுறது எனக்குக் கேக்குது. ஆட்டுக்குக் கேக்காது."



அடுத்த வளைவில் ஒரு மாட்டு லாரி நாற்பதில் போய்க்கொண்டிருந்தது. சாணி நாற்றம் ஹெல்மெட்டுக்குள் ஏறியது. வளைவு தாண்டியதும் முன்னால் அரை மைல் நேர்ச்சாலை, எதிரே ஒரு வண்டி இல்லை. கை முறுக்கத் துடித்தது. டட்லியாக இருந்தால் இந்நேரம் லாரியின் முன்னால் இருப்பார்.

அவள் லாரியின் சைலென்சரைப் பார்த்தாள். கறுப்புப் புகை குப்பென்று கிளம்பியது. வளைவில் ஊர்ந்தவன் நேர்ச்சாலையில் மிதிக்கிறான். எல்லா லாரிக்காரனும் செய்வதுதான். அவளே தினம் செய்வதுதான். ஐம்பதைத் தொட்டுவிட்டான். இப்போது முந்தினால் அறுபதுக்குள் முடியாது. அவள் வெளியே போகவில்லை.

நேர்ச்சாலை தீர்ந்துகொண்டே வந்தது. கால் பங்குதான் மிச்சம். பின்னால் மொய்ராவின் விளக்கு கண்ணாடியில் அசையாமல் நின்றது. வெண்கலம், வெண்கலம் என்று லினெட்டின் நெஞ்சு அடித்தது.

அப்புறம் மேடு தொடங்கியது. முழு பாரம். நாற்பதுக்கு இறங்கினான். கியரை மாற்றுகிறான், முக்குகிறான், முப்பது. மேட்டில் மரம் கிடையாது; மேலே உச்சிவரை சாலை முழுக்க வெட்டவெளியில் கிடந்தது, காலி. அவன் மறுபடி கியர் மாற்றி இருபத்தைந்துக்கு வந்ததும் அவள் தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள். ஒரு மூச்சில் மாட்டுக் கண்கள், சக்கரங்கள், ஓட்டுநரின் முழங்கை எல்லாம் பின்னால் போயின. உள்ளே வந்ததும் மீட்டரைப் பார்த்தாள். ஐம்பத்திரண்டு.

தொண்டைக்குள் ஒரு கத்தல் எழுந்தது. ரேடியோ நினைவு வந்து விழுங்கினாள்.

டீக்கடை வாசலில் இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றினாள். மொய்ரா தன் தாளைப் பார்த்துப் பேசினார். "ரெண்டு வளைவுல ரொம்ப சீக்கிரமா உள்ள சாஞ்ச. ரவுண்டானால இண்டிகேட்டர லேட்டா நிறுத்துன. நேர்ரோட்டுல நீ போகலன்னதும் வெண்கலம்னு எழுதப் போனேன். ஏன் போகல?"

"அவன் மிதிப்பான்னு தெரியும். மேட்டுல சாவான்னும் தெரியும். நானும் அதே பொழப்புதான?"

"வெள்ளி. மூணு வருஷத்துக்குத்தான் செல்லும். அப்புறம் திரும்ப வந்து ஓட்டிக் காட்டணும்."

டட்லி எழுந்து வந்தார். "நேர்ரோட்டுல போகலியா? எங்க சங்கத்துல அதுக்குத் தயக்கம்னு எழுதுவோமே."

"எழுதிக்குங்க," என்றார் மொய்ரா. "கையெழுத்து என்னுது."

அவர்கள் சண்டையைத் தொடங்கினார்கள். லினெட் அதற்குள் கடைச் சுவரோரம் போய், ரத்தக் குழுக்காரனுக்குப் போன் போட்டிருந்தாள்.

"லினெட் பேசுறேன். வெள்ளி. என் பேரப் போடு. எந்தக் கெழமைக்கு ஆள் வர மாட்டேங்குறானோ, அதுல போடு."