மைக்கில் சொல்ல வேண்டிய பெயர்

1

இந்தக் கதை அமெரிக்காவில் நடக்க வேண்டியது.

பர்மாவில், போட்டாதாங்கில் நான் காவல் பார்க்கும் கிடங்கில் தூங்கக் கூடாது. அதனால் கைபேசியில் கண்டதையும் படிப்பேன். அப்படித்தான் தெரிந்தது, அமெரிக்காவுக்குக் கால்பந்து நேற்று வந்ததல்ல என்று. நூறு வருஷத்துக்கு முன்பே அதன் கிழக்குக் கரையில், நெசவாலை ஊர்களிலும் இரும்பாலை ஊர்களிலும், ஆயிரக்கணக்கான பேர் டிக்கெட் வாங்கி ஆட்டம் பார்த்திருக்கிறார்கள். 1921இல் தொழில்முறை லீக்கே தொடங்கிவிட்டது. ஆலையில் வேலை தருகிறோம் என்று ஸ்காட்லாந்திலிருந்து ஆட்டக்காரர்களை இழுத்து வந்தார்கள். பிறகு சங்கங்களுக்குள் அடிதடி. அதன்மேல் பொருளாதாரம் விழுந்தது. ஆலைகள் மூடின, அணிகள் கலைந்தன. அப்படி ஆடினோம் என்பதே அந்த நாட்டுக்கு மறந்துபோனது.

நல்ல விஷயம் என்று எழுத உட்கார்ந்தேன்:

"ஃபால் ரிவர் நெசவாலையின் சங்கு ஊதியபோது, ஸ்காட்லாந்துக்காரன் வில்லி தன் தொப்பியை"

தொப்பியை என்ன செய்தான்? தெரியவில்லை. அந்த ஊரில் தொப்பியை எங்கே மாட்டுவார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது.

2

இரண்டாவது முறை எழுதியபோது வில்லி ஆலை வாசலில் இந்த ஊர்க் கைலியான லொஞ்சியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வெற்றிலை எச்சிலைத் துப்பினான். அப்போதே புரிந்துவிட்டது. இவன் வில்லி இல்லை. சிவராஜ்.

சரி, சிவராஜாகவே இருக்கட்டும்.

சிவராஜ் எங்கள் நகரத்தின் ஓரத்தில், ஷ்வேப்யிதாவில், ஒரு தையல் தொழிற்சாலையில் இஸ்திரிப் பிரிவு. இஸ்திரி போடத் தெரியாது. காலரைக் கருக்கிவிடுவான். வேலைக்கு எடுத்தது அவனுடைய இடது காலை. தொழிற்சாலைகளுக்கு இடையே நடக்கும் கோப்பைப் போட்டியில் அவன் முன்னணியில் ஆடுகிறான். மற்ற நாட்களில் இஸ்திரிப் பெட்டி பக்கத்தில் நிற்கிறான். ஃபால் ரிவருக்கும் ஷ்வேப்யிதாவுக்கும் இதில் பெரிய வித்தியாசம் இல்லை.*

* நெசவாலைக்குப் பதில் தையல் ஆலை. வித்தியாசம் அவ்வளவுதான் என்று முதலில் எழுதியிருந்தேன். வெயில் விட்டுப்போயிற்று.

3

சிவராஜின் மகள் தமிழரசிக்கு டெங்கு வந்து, பெரியாஸ்பத்திரியில் டாக்டர் உறுதியாக எதுவும் சொல்லாமல் போன நாளில், அவன் மனைவி புஷ்பலதா அவனைக் கேட்காமலே வேண்டிக்கொண்டாள். குழந்தை பிழைத்தால் பங்குனி உத்திரத்துக்கு அவன் காவடி எடுப்பான். அதுவரை காலில் எதுவும் போட மாட்டான். குழந்தை பிழைத்துவிட்டது. வேண்டியது அவள், வெறுங்காலோடு தார்ரோட்டில் நடப்பது அவன்.

[இங்கே புஷ்பலதாவை மூடநம்பிக்கைக்காரி என்று ஒரு பத்தி எழுதினேன். அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் அவளோடு உட்கார்ந்திருக்காதவன் அதை எழுதக் கூடாது என்று பட்டது. அடித்துவிட்டேன்.]

விரதத்தின் நடுவில் இறுதியாட்டம் வந்தது. பூட்ஸ் போடாதவனை நடுவர் உள்ளே விட மாட்டார்.

அது மட்டும் என்றால் சிவராஜ் வெளியே உட்கார்ந்திருப்பான். ஆனால் வெளிநாட்டு ஆர்டர் குறைந்துவிட்டது. பர்மாக்கார மேனேஜர் ஊ தான் மவுங் (ஊ என்றால் ஐயா) இஸ்திரிப் பிரிவின் இரண்டு ஆட்டக்காரர்களையும் கூப்பிட்டு, இனி ஒருவனுக்குத்தான் இடம், இறுதியாட்டத்தில் கோல் போடுகிறவன் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். மனுஷன் கெட்டவர் இல்லை. அவருக்கு இஸ்திரியும் பார்க்கத் தெரியாது, பந்தும் பார்க்கத் தெரியாது, எண்ணத் தெரியும்.

4

இன்னொரு ஆட்டக்காரன் ஆல்பின். இவன் தேவையா என்று நெடுநேரம் யோசித்தேன். கதையில் எதிரி வேண்டும் என்றால் இவன் சரிப்பட மாட்டான். சிவராஜின் பூட்ஸை வீட்டுக்குத் தெரியாமல் தன் பையில் வைத்து மைதானத்துக்குக் கொண்டுவந்தவனே இவன்தான்.

"உங்க சாமி காலைப் பாக்குது. எங்க சாமி ஞாயித்துக்கெழமையப் பாக்குது" என்றான் ஆல்பின், பூட்ஸை நீட்டி. சர்ச் பூசைக்குப் போகாமல் வந்திருந்தான். "ரெண்டு பேரும் மாட்டிக்கிட்டோம்டா."

"நீ மாட்டுனா மன்னிப்பு கேட்டுக்கலாம். எனக்கு வீட்டுல இருக்கு."

வீட்டில் இருந்தது இதுதான். கிளம்பும்போது புஷ்பலதா, ஆடப் போகிறீர்களா என்று கேட்கவில்லை. அவன் பாதங்களைப் பார்த்தாள்.

"பாக்கத்தான் போறேன், லதா" என்றான் சிவராஜ்.

"போயிட்டு வாங்க. மைக்ல பேரு சொன்னா இங்க வரைக்கும் கேக்கும்."

கேட்கும். மைதானத்துக் குழாய் ஒலிபெருக்கி அவர்கள் வரிசை வீடுகளைப் பார்த்துத்தான் கட்டியிருக்கிறது. கோல் போட்டவன் பெயரை மட்டும்தான் அதில் சொல்வார்கள்.

5

சிவராஜ் பூட்ஸை மாட்டிக்கொண்டு இறங்கினான். மைதானத்தில் புல் கிடையாது. பங்குனி வெயிலில் நான்கு பேர் ஓடினாலே புழுதி எழும்பும். இரண்டாம் பாதியில் ஒரு கார்னர் வந்தது. ஆல்பினும் சிவராஜும் எதிரணி ஆட்களும் கோல் வாசலில் ஒரே குவியலாக விழுந்தார்கள். புழுதி அடங்கியபோது பந்து வலைக்குள் கிடந்தது.

பட்டது சிவராஜின் இடது காலில். இதை நான் மர்மமாக வைக்கப் போவதில்லை. அவன் காலுக்குத் தெரியும். ஆல்பினுக்கும் தெரியும். எதிர்ப்பக்கம் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்திருந்த ஊ தான் மவுங்குக்குத் தெரியாது.

6

(நடுவில் ஒரு நிஜம். 1930இல் நடந்த முதல் உலகக் கோப்பையில் அமெரிக்கா அரையிறுதி வரை போனது. பராகுவேக்கு எதிராக மூன்று கோல் போட்டவன் ஃபால் ரிவர்காரன், பெர்ட் படெனாட். உச்சரிப்புக்கு நான் பொறுப்பில்லை. அதில் ஒரு கோலைச் சில பதிவுகள் கூட ஆடியவன் பெயரில் எழுதின. சில, எதிரணியே தன் வலைக்குள் போட்டுக்கொண்டதாக எழுதின. உலகக் கோப்பையின் முதல் ஹாட்ரிக் அவனுடையதுதான் என்று ஃபீஃபா ஒப்புக்கொண்டது 2006இல். அவன் செத்தது 1974இல்.

அந்தக் கோலை அவனே விட்டுக்கொடுத்தான், அவன் வீட்டிலும் யாரோ எதையோ வேண்டியிருந்தார்கள் என்று எழுத ஆசையாக இருந்தது. ஆதாரம் இல்லை. விட்டுவிட்டேன். யாரோ பார்க்கத் தவறினார்கள், அவ்வளவுதான்.)

7

மைக் பிடித்திருந்தவள் ஹன்னா, பேக்கிங் பிரிவு. பர்மியத்தில் கணீரென்று அறிவிப்பாள் என்பதால் அவளிடம் கொடுத்திருந்தார்கள். நீள ஒயரை இழுத்துக்கொண்டு கோட்டோரம் வந்தாள். மைக்கை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு தமிழில் கேட்டாள்.

"யாரு போட்டது? ஊ தான் மவுங் கேக்குறாரு."

ஆல்பின் எழுந்து அரைக்கால் சட்டையைத் தட்டினான். "எனக்குப் புழுதிதான் தெரிஞ்சது" என்றான். பிறகு சிவராஜைப் பார்க்காமல், "நீயே சொல்லு. உன் பேரச் சொன்னாலும் நான் கோவிச்சுக்க மாட்டேன். என் பேரச் சொன்னா வேணாம்னு சொல்ல மாட்டேன்."

அவன் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும்.

முதல் முடிவு: சிவராஜ், "ஆல்பின்" என்கிறான். வேலை போகிறது. வெறுங்காலோடு வீட்டுக்குப் போகிறான், புஷ்பலதா சோறு போடுகிறாள். இது தியாகம் மாதிரி இருக்கிறது. தியாகம் இல்லை, பயம்.

இரண்டாம் முடிவு: "நான்தான்" என்கிறான். வேலை நிலைக்கிறது. அடுத்த முறை தமிழரசிக்கு உடம்பு சுட்டால் புஷ்பலதா அவன் காலைத்தான் பார்ப்பாள். சாதாரணச் சளியாக இருந்தாலும்.

மூன்றாம் முடிவு: ஹன்னா பெயர் சொல்லாமல் கோல் என்று மட்டும் அறிவித்துவிடுகி

இல்லை. எழுதுகிறவனுக்கு மட்டும் வசதியான முடிவு இது. ஊ தான் மவுங் எழுந்து நின்று காதைச் சாய்த்துக்கொண்டிருக்கிறார். பெயர் வராமல் உட்கார மாட்டார்.

8

வரிசை வீட்டில் புஷ்பலதா அரிசி களைந்துகொண்டிருந்தாள். ஒலிபெருக்கியில் கூச்சல் கேட்டு, பிறகு சத்தமே இல்லை. பாத்திரத்தில் கை அப்படியே நின்றது.

மைதானத்தில் சிவராஜ் குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தான். ஆட்டம் இன்னும் முடியவில்லை. ஏன் அவிழ்க்கிறான் என்று எனக்கும் தெரியவில்லை.

"கோ சிவா, சீக்கிரம்" என்றாள் ஹன்னா, பர்மிய வழக்கில் அண்ணன் என்று கூப்பிட்டு.

அவன் வாயைத் திறந்த இடத்தில் நான் நிறுத்திக்கொள்கிறேன். பந்து யார் காலில் பட்டது என்பதை நீங்கள் பார்த்தீர்கள். ஹன்னா பொத்தியிருந்த கையை எடுத்துவிட்டாள். மைக் இப்போது உங்களிடம். வரிசை வீடு வரைக்கும் கேட்கும், பார்த்துச் சொல்லுங்கள்.